அரை கிளாஸ், இரண்டு மணிக்கொரு தரம்

சித்திரையில் ஒகேனக்கல் ஆறு எலும்பு தெரியக் கிடக்கும். ஆடியில் பரிசல்காரர்களைக் கரையிலேயே உட்கார வைத்துவிடும் காவிரி, இப்போது பாறை இடுக்குகளில் ஓடையாக வழிகிறது. மீதிப் படுகையெல்லாம் குழி குழியாகத் தெளிந்த தண்ணீர். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தோம். பென்னாகரத்துப் பக்கத்துப் பிள்ளை. நர்சிங் முடித்து இரண்டு வருடம் சேலத்தில் வேலை பார்த்தவள். அடுத்த வாரம் மேற்கு ஒடிசாவின் மலைப்பகுதியில் ஒரு குழந்தைகள் வார்டுக்குப் போகிறாள்.

"அக்கா, அங்க மலேரியாவும் சத்துக்குறைவும் சேர்ந்து வர்ற பிள்ளைங்கதான் அதிகமாம். நான் கடுமையான மலேரியா ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. மொதல்லேருந்து சொல்லுங்க."

முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகள் வார்டுகளில் நின்ற கால்கள் என்னுடையவை. கடைக்காரரிடம் இரண்டு டீயும், கூடவே ஒரு காலி கிளாஸும் கொஞ்சம் சர்க்கரையும் கேட்டேன். முதலில் ஆற்றைக் காட்டினேன்.

அந்தப் பாறைக்குழித் தண்ணீரைப் பார், கண்ணு. சாக்கடையில் பெருகும் கொசு வேறு. மலேரியாவைச் சுமக்கும் அனாஃபிலிஸ் கொசுக்களில், நம் கிராமப்புறங்களில் முக்கியமானதாகிய குலிசிஃபேசிஸ் என்ற வகைக்குச் சுத்தமான, வெயில் படும், அசையாத தண்ணீர்தான் பிடிக்கும். ஆறு பெருகி ஓடும்போது அதன் முட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும். ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது அதற்குக் கொண்டாட்டம். இதை நமக்கு மிகக் கொடுமையாகக் கற்பித்தது இலங்கை. 1934இல் அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வருடம் முழுக்க ஓடும் ஆறுகள் மணல்திட்டுகளாகவும் குட்டைகளாகவும் மாறின. சில மாதங்களில் மலேரியா 80,000 உயிர்கள் வரை கொண்டுபோனது. பெரும்பகுதி குழந்தைகள். அப்போது கிராமங்களுக்குப் போய் வேலை செய்த மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவருடைய தோழர்களும், கொய்னா மட்டும் கொடுத்தால் போதாது என்பதைக் கண்டுகொண்டார்கள். விளைச்சல் இல்லாமல் ஏற்கெனவே பட்டினியில் கிடந்த வீடுகளில்தான் சாவு குவிந்தது. அதனால் மருந்தோடு பருப்பும் கொண்டுபோனார்கள். மார்மைட் என்ற சத்துப் பசையை உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். அதே இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

அதே 1934இல்தான் நமக்குக் கீழே மேட்டூர் அணையும் கட்டி முடிந்தது. அந்தத் தண்ணீர் புது வாய்க்கால்கள் வழியாகப் பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குப் போய்ச் சேர, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்பவர் அங்கே வருடக்கணக்கில் தங்கி இதே கொசுவை ஆராய்ந்தார். இந்தக் காவிரியின் கதையில் மலேரியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் வைவாக்ஸ். நீ போகிற இடத்தில் இருப்பது ஃபால்சிபாரம். கொல்லுகிற ரகம் அதுதான். 2016வாக்கில் இந்தியாவின் மலேரியா நோயாளிகளில் ஐந்தில் இரண்டு பங்கு ஒடிசாவில் இருந்தார்கள். பிறகு அவர்கள் மலைக்கிராமங்களில் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்குமே ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஆனாலும் உன் வார்டு காலியாக இருக்காது.

"ஃபால்சிபாரம் ஏன் கொல்லுது, அக்கா?"

அது குடியேறிய சிவப்பணு பிசுபிசுத்துப் போகும். மூளை, குடல், சிறுநீரகம் என்று எங்கெல்லாம் நூல் மாதிரி ரத்தக்குழாய் இருக்கிறதோ அங்கெல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். மூளையில் அடைத்தால் குழந்தைக்கு நினைவு தப்பும், வலிப்பு வரும். அணுக்கள் உடைந்து கொட்டுவதால் ரத்தம் வற்றும். ஆக்ஸிஜன் போய்ச் சேராத தசைகளில் அமிலம் சேரும். அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் குழந்தை ஆழமாக, பெருமூச்சு விடுவது போல மூச்சு வாங்கும். அதை நிமோனியா என்று நினைத்துவிடாதே. இன்னொன்று, ஒட்டுண்ணி சர்க்கரையைத் தின்று வாழ்வது. குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ்தான் அதற்குச் சோறு. இதை ஞாபகத்தில் வை, திரும்ப வருகிறேன்.

உலகத்தில் 2023இல் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

இனி அடுத்த பாதி. நம் வீடுகளில் 'சவலைப்பிள்ளை' என்பார்களே, கேட்டிருப்பாய். அடுத்த கரு உண்டாகித் தாய்ப்பால் நின்றுபோய், சிணுங்கிச் சிணுங்கி மெலிகிற பிள்ளை. 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி வந்த பிள்ளைகளைப் பார்த்தார். அந்த ஊர்ப் பெண்களிடம் இது என்ன நோய் என்று கேட்டார். 'குவாஷியோர்கர்' என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். சவலை என்று நம் பாட்டிகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கடல் கடந்து இரண்டு மொழிகள் ஒரே காரணத்தைப் பிடித்திருக்கின்றன. அம்மாக்கள் கண்டுகொண்டது மருத்துவப் பாடப்புத்தகத்தில் பிந்தித்தான் வந்தது.

வீங்குகிற பிள்ளைக்குப் புரதம் போதவில்லை, வற்றுகிற பிள்ளைக்கு மொத்தச் சோறே போதவில்லை என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேள்வி கேட்டவர் நம் ஊர்க்காரர். 1918இல் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 1965இல்தான் பிரிந்தது. இரண்டு வகைப் பிள்ளைகளும் வீட்டில் சாப்பிட்டது ஒரே மாதிரிச் சாப்பாடு என்று அவர் கணக்கெடுத்துக் காட்டினார். முதல் பற்றாக்குறை புரதப் பவுடர் அல்ல, வயிறு நிறையச் சோறு. அங்கன்வாடியில் நீ பார்க்கும் சத்துமாவுக்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. நூறு வயது வாழ்ந்து 2019இல் மறைந்தார். சேலத்தில் அவர் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

வார்டில் உனக்கு அளவு வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் இடது கையை நடுப்பகுதியில் டேப்பால் சுற்று. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. இல்லையென்றாலும் இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடு. மாவில் பதிந்தது போலக் குழி நின்றால் கை அளவு என்னவாக இருந்தாலும் அது கடுமையான சத்துக்குறைவுதான். வீங்கிய பிள்ளையைப் பார்த்து 'கொழுகொழுன்னு இருக்கானே' என்று யாராவது சொன்னால் அங்கேயே அழுத்திப் பார்த்துவிடு.

அப்படிப்பட்ட பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? வருமானம் நின்றுபோன வீட்டை நினைத்துக்கொள். ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துவிட்டு, ஒற்றை விளக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இதயத் தசை மெலிந்து மெதுவாக அடிக்கும். ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்திருக்கும். சூடு காக்கக் கொழுப்பு இல்லை. உயிரணுவிலிருந்து பொட்டாசியம் கசிந்து, உப்பு உள்ளே தங்கிவிடும். காய்ச்சலை உண்டாக்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது.

அவள் நிமிர்ந்தாள். "அப்போ மலேரியா இருந்தும் காய்ச்சல் இல்லாம வரலாமா?"

வரலாம். சில்லிட்டுப் போய்கூட வரலாம். அக்குளில் வைத்த வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டும். 'காய்ச்சல் இல்லை, மலேரியா இல்லை' என்று எழுதிவிட்டுப் போகக் கூடாத பிள்ளை இதுதான். அந்த ஊரில் மெலிந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரல் நுனியில் ரத்தம் எடு. கிட்டில் பார், ஸ்லைடும் போடு. வயிற்றின் இடது பக்கம் தடவிப் பார். பழைய ஆட்கள் காய்ச்சக்கட்டி என்பார்கள், வீங்கிய மண்ணீரல். அது தட்டுப்பட்டால் இந்தக் காய்ச்சல் முந்தியே பலதரம் வந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு.

ஆக, ஒருபுறம் சர்க்கரையைத் தின்னும் ஒட்டுண்ணி. மறுபுறம் சர்க்கரைக் கையிருப்பே இல்லாத உடம்பு. இந்த இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன. மருந்து வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் பிள்ளையை இழந்துவிடக் கூடாது. நம் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்தக் காலி கிளாஸைப் பார். குவிந்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மூன்றரை மேஜைக்கரண்டி தண்ணீர். ஏறத்தாழ 50 மில்லி. வந்து சேர்ந்த பிள்ளை விழுங்குகிற நிலையில் இருந்தால் முதலில் இது. குளுக்கோமீட்டரில் 54க்குக் கீழே என்றால் கட்டாயம். மீட்டர் வேலை செய்யவில்லையா, குறைவு என்றே வைத்துக்கொண்டு கொடு. துவண்டு கிடந்தால் நரம்பு வழியாக 10 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 5 மில்லி. நரம்பு கிடைக்கவில்லையா, மூக்கு வழிக் குழாயில் விடலாம். எதுவுமே கைக்கு எட்டாத இடத்தில், ஒரு ஸ்பூன் சர்க்கரையைச் சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் நினைவில்லாத பிள்ளையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதே. நுரையீரலுக்குப் போய்விடும்.

அவள் கையால் கலக்கிப் பார்த்தாள். தொண்டைக்குழிக்குப் போகும் முன்னே தீர்ந்துவிடும் அளவுதான் அது.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கே என்று சொல்ல வேண்டாம், ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது, ஆறு கிலோ. மதியம் ஊசி மருந்து போட்டாயிற்று, சாயங்காலம் கண் திறந்து அம்மாவைப் பார்த்தது. எல்லோருக்கும் நிம்மதி. 'தூங்கட்டும், எழுப்பாதீங்க' என்றோம். இரவு பத்துக்குப் பிறகு யாரும் பால் கொடுக்கவில்லை, சர்க்கரையும் பார்க்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கை வைத்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. கிருமியைக் கொன்ற மருந்து சரியாகத்தான் வேலை செய்திருந்தது. நாங்கள் தூங்கவிட்டது ஆறு மணி நேரம். அந்தப் பிள்ளையின் அம்மா அதற்குப் பிறகும் என்னைச் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் உணவு விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். முதல் கட்டப் பாலுக்கு எஃப்-75 என்று பெயர். 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. 'இவ்வளவு நீர்த்த பாலா, இந்தப் பிள்ளைக்கா' என்று உனக்கே தோன்றும். அடுப்பு அணையப் போகும்போது பெரிய கட்டையைத் தூக்கிப் போட்டால் இருக்கிற கங்கும் அவிந்துவிடும். சுள்ளி சுள்ளியாகத்தான் போட வேண்டும். பாவம் என்று ஒரேயடியாகக் கெட்டியான சாப்பாடு கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் திடுக்கென்று உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, மெலிந்த இதயம் நின்றுபோகும். இரக்கத்தில் நடக்கும் மரணம் அது.

கணக்கைப் போட்டுப் பார். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 130 மில்லி. ஆறு கிலோ பிள்ளைக்கு 780. அதைப் பன்னிரண்டு வேளையாகப் பிரி. ஒரு வேளைக்கு 65 மில்லி. இந்த டீ கிளாஸில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலும் இரவும். உடம்பு மிகவும் வீங்கியிருந்தால் கிலோவுக்கு 100 மில்லியிலிருந்து தொடங்கு. பாட்டில் வேண்டாம். கோப்பையும் ஸ்பூனும் போதும். சின்னப் பிள்ளைக்கு நம் பாலாடையை மிஞ்சிய சாதனம் இன்னும் வரவில்லை. அதன் மூக்கு கன்னத்தின் உள்பக்கம் அளவாக விடும், கொதிக்க வைத்தால் சுத்தம். பவுடர் தீர்ந்துபோன நாளில் பால், சர்க்கரை, எண்ணெய், அரைத்த பொரி சேர்த்து வார்டிலேயே செய்துகொள்ளும் முறை இந்திய வழிகாட்டுதலில் உண்டு. சமையலறையில் ஒட்டியிருக்கும் அளவுப்படி எடை போட்டுச் செய், கண் அளவு ஆகாது. தாய்ப்பால் இருந்தால் அதற்குத்தான் முதலிடம், அதற்குப் பிறகு இது. கொடுத்த அளவில் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு மீந்தது, வாந்தி எவ்வளவு என்று எழுது. முக்கால் பங்குக்குக் குறைவாகக் குடித்தால் மூக்குக் குழாய் போடக் கூச்சப்படாதே.

இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் ஒரு நாள் பிள்ளை கிளாஸைத் தானாகப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் காத்திருக்கிறோம். வீக்கமும் இறங்க ஆரம்பித்திருந்தால் எஃப்-100க்கோ, நிலக்கடலைப் பசை மாதிரி இருக்கும் சத்துணவுக்கோ மெதுவாக மாற்றலாம். அதன்பின் எடை நாளுக்குக் கிலோவுக்குப் பத்து கிராமுக்கு மேல் ஏறினால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

"டிரிப் போட வேண்டாமா அக்கா? நாங்க சேலத்துல யார் வந்தாலும் மொதல்ல டிரிப்தான்."

இதில்தான் உன் கையை நீயே பிடித்துக்கொள்ள வேண்டும். 2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கடுமையான காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குறைந்து வந்த பிள்ளைகள். பாதிக்கு மேல் மலேரியா. வேகமாகத் திரவம் ஏற்றிய பிள்ளைகளில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள். வேகமாக ஏற்றாமல் விட்டவர்களில் 7.3 சதவீதம். உலகமெங்கும் மருத்துவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த ஆய்வில் கடுமையான சத்துக்குறைவுள்ள பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. தேறிய உடம்புக்கே அப்படி என்றால், நம் பிள்ளையின் மெலிந்த இதயத்தை யோசித்துப் பார். பேதியாகி வந்தால் வாய் வழியாக, உப்பைக் குறைத்துப் பொட்டாசியம் கூட்டிய கரைசல். கிலோவுக்கு 5 மில்லி, அரை மணிக்கு ஒரு தரம், முதல் இரண்டு மணி நேரம். நரம்பு வழித் திரவம் அதிர்ச்சி நிலையில் மட்டும், மருத்துவர் பக்கத்தில் நிற்க. ஒவ்வொரு தரமும் நாடியையும் மூச்சையும் எண்ணி எழுது. நாடி 25ம் மூச்சு 5ம் கூடியிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடு. கையில் கடிகாரமும், எண்ணுவதற்குப் பொறுமையும் இருந்தால் போதும், இதற்கு மானிட்டர் வேண்டாம்.

ரத்தம் ஏற்றுவதும் அப்படியே. ஹீமோகுளோபின் 4க்குக் கீழே இருந்தால், அல்லது ஆறு வரை இருந்து மூச்சும் திணறினால் ஏற்றுவார்கள். கிலோவுக்குப் 10 மில்லி, மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு. முதல் கால் மணி கட்டிலை விட்டு நகராதே. சோகை இருக்கிறதே என்று முதல் வாரத்தில் இரும்புச்சத்து டானிக் எடுத்துக் கொடுத்துவிடாதே. கிருமிக்கும் இரும்பு தேவை, அதைக் கட்டிவைக்கும் புரதம் இந்தப் பிள்ளையிடம் இல்லை. சான்சிபாரின் பெம்பா தீவில் மலேரியா நடுவே எல்லாக் குழந்தைகளுக்கும் இரும்பு கொடுத்துப் பார்த்து, மருத்துவமனைக்கு வந்தவர்களும் இறந்தவர்களும் கூடியதால் 2006இல் எச்சரித்தார்கள். பிள்ளை தேறி எடை ஏறும்போது இரும்பு தரலாம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. நரம்பு வழி ஆர்ட்டிசுனேட். கொய்னாவைவிட இது உயிர் காக்கும் என்று 2005இல் ஆசிய நாடுகளில் நடந்த ஆய்விலும், 2010இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் உறுதியானது. முதல் ஆய்வில் இந்திய நோயாளிகளும் உண்டு. வந்தவுடன் ஒன்று, பன்னிரண்டாம் மணியில் ஒன்று, இருபத்து நாலாம் மணியில் ஒன்று, பிறகு தினமும். 20 கிலோவுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். வயதைக் கேட்டு அளவு போடாதே. இரண்டு வயது என்று சொல்லும் பிள்ளை ஆறு கிலோதான் இருக்கும், எடை போட்டே தீர வேண்டும். பொடியை, அதோடு சேர்ந்து வரும் திரவத்தில் தெளியும்வரை குலுக்கு, கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடு. விழுங்கத் தொடங்கியதும் மாத்திரை முழுக் கோர்ஸ். கூடவே ஆன்டிபயாட்டிக், ஏனென்றால் வேறு தொற்று உள்ளே இருந்தாலும் இந்த உடம்பு அதைக் காட்டிக் கொடுக்காது. இன்னொன்று, வீட்டுக்குப் போன பிறகு ஒன்று இரண்டு வாரம் கழித்து ரத்தம் திடீரென்று இறங்கலாம். ஊசி போட்டதற்குப் பின்னால் வரும் பிரச்சினை இது. நாலு வாரம்வரை வந்து பார்த்துப் போகச் சொல்லு.

நினைவு தப்பிய பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வை. இரண்டு மணிக்கொரு முறை புரட்டு. கண் மூடாமல் இருந்தால் ஈரத்துணி வை. வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுப்பது மட்டும் அல்ல. ஒரு விரல் துடிப்பு, கண்ணோரத்தில் ஒரு வெட்டு, எதையோ மெல்லுவது போல வாய் அசைவு, சிலசமயம் இவ்வளவுதான் தெரியும். மலாவியின் பிளாண்டயர் நகரில் பேசத் தெரியாத பிள்ளைகளுக்கென்றே ஐந்து மதிப்பெண் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். வலிக்கு எப்படி அசைகிறது, எப்படி அழுகிறது, முகத்தைக் கண் தொடர்கிறதா. மூன்றுக்குக் கீழே போனால் ஆபத்து. ஒவ்வொரு முறை மதிப்பெண் இறங்கும்போதும் முதலில் சர்க்கரை பார்.

டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன்.

"சூட்டுக்கு என்ன பண்றது? வார்மர் இருக்குமான்னு தெரியல."

அம்மா இருக்கிறாளே. மேல்சட்டையைக் கழற்றி, தோலோடு தோலாக நெஞ்சில் படுக்க வை. மேலே போர்வை, தலைக்குத் துணித் தொப்பி. வெந்நீர்ப் பையை மட்டும் வைத்துவிடாதே, தோல் வெந்துபோகும். இரவில் குளிப்பாட்டாதே. நனைந்த துணியை உடனே மாற்று. அம்மாவின் நெஞ்சில் படுத்திருக்கிற பிள்ளைக்குச் சூடும் கிடைக்கும், பாலும் கிடைக்கும், மூச்சு மாறினால் முதலில் கண்டுபிடிப்பவளும் அவள்தான். அவள் 'எப்பவும் போல இல்ல' என்று சொன்னால் எழுந்து போய்ப் பார்.

அந்த அம்மா நாலாம் நாள் போகிறேன் என்பாள். கோபப்படாதே. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், காட்டில் வேலை, நாள்கூலி போகிறது. சில மாநிலங்களில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் தங்கும் தாய்க்குக் கூலி இழப்புக்கு ஒரு தொகை தருகிறார்கள். அது கிடைக்கும்படி செய்வதையும் உன் வேலை என்று வைத்துக்கொள். அவளுக்குச் சாப்பாடு போடு. தேறிவரும் பிள்ளையோடு தினம் அரை மணி நேரம் விளையாடச் சொல்லு. ஜமைக்காவில் சாலி கிராந்தம்-மெக்கிரகர் என்பவர் சத்துக்குறைவில் கிடந்த பிள்ளைகளோடு விளையாடவும் பேசவும் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். மூளை வளர்ச்சியில் வித்தியாசம் தெரிந்தது. கிலுகிலுப்பையும் தாலாட்டும் மருந்துச் சீட்டில் வராதுதான். ஆனாலும் சார்ட்டில் எழுது.

"இவ்வளவையும் ஒரு நர்ஸ் எப்படிப் பண்றது?"

நம் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஒகேனக்கல் மேற்குக் கோடி என்றால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி கிழக்குக் கோடி. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போனபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 150 பேருக்கு அருகில் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். ஒரு குடிசையில் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ்கள் வந்து தங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். வார்டில் நிற்கவும் ஒரு குழு, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை எடை பார்க்கவும் ஒரு குழு. பெரிய படிப்பு இல்லாத பெண்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. நீ போகிற ஊரிலும் உன் பக்கத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை நிறுத்திக்கொள். முதல் மாதத்திலேயே கிளாஸ் அளவும் நாடி எண்ணிக்கையும் அவளுக்குக் கற்றுக்கொடு. பிள்ளையின் மொழி அவளுக்குத்தான் தெரியும்.

அவள் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். "இங்க இப்படி ஒரு பிள்ளை வந்தா யாருக்குக்கா தெரியும்?"

சரியான கேள்வி. மேற்கு ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்குத் தமிழ்நாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். நம் பென்னாகரத்து ஆட்களும் பிழைப்புக்கு ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறார்கள். கொசு இங்கே இருக்கிறது, குட்டை இருக்கிறது. கிருமி மட்டும் பஸ்ஸிலோ ரயிலிலோ வர வேண்டும். நோய் அரிதாகிவிட்ட ஊரில் அது யார் நினைவுக்கும் வராது. காய்ச்சலோ சோர்வோ என்று எந்தப் பிள்ளை வந்தாலும் 'கடைசியா எந்த ஊர்ல இருந்தீங்க' என்று கேட்க வேண்டும். உனக்குப் பின்னால் இங்கே வேலை பார்ப்பவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போ.

பென்னாகரம் பஸ் வந்து நின்றது. டீக்கடைச் சீட்டின் பின்பக்கம் அவள் மளமளவென்று எழுதிக்கொண்டாள். 8, 10, 12, 2, 4, 6. பையை எடுத்தவள் திரும்பி நின்றாள்.

"அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை நல்லாத் தூங்கிட்டிருந்தா?"

"எழுப்பணும், கண்ணு. நாலு மணிக்கும்."